மெய்யின் மேல் புள்ளி

ஷெஃபீல்டில் அக்டோபர் பிறந்தால்
எல்லாப் பெடியங்களுக்கும் காய்ச்சல்தான்.
புது ஊர், புது சிநேகிதம், மாறி மாறிக் குடித்த போத்தல்.
மாணவர் விடுதியின் இரவுக் காவல் மேசையில்
இது எனக்குப் பதினோராவது வருடம்.
இருமலை வைத்தே எந்த மாடி என்று சொல்வேன்.

அதனால்தான்
நாலாம் மாடி டாயோவுக்குச் சரியில்லை என்று
பக்கத்து அறை பிரன்வென் இறங்கி வந்தபோது
தலையைக்கூட நான் தூக்கவில்லை.
குடித்திருப்பான், என்றேன்.
அவன் குடிக்கிறதில்லை, என்றாள்.

மணி இரண்டு பத்து.
விளக்கைப் போட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பினான்,
வெளிச்சம் கைநீட்டி அறைந்ததுபோல.
நெற்றி அடுப்பு. கை ஐஸ்.
கால் உளையுது, கால் உளையுது என்றான்,
தலையிடியைப் பிறகுதான் சொன்னான்.
நாடியை நெஞ்சில் முட்டச் சொன்னேன்.
கழுத்து வரவில்லை.
பிறகு என்னைப் பார்த்து மம்மி என்றான்,
மீசை வைத்த என்னை.

சுவரொட்டியில் பார்த்த நோய்தான்:
வெள்ளைக் குழந்தையின் தொடையில் சிவப்புப் பொட்டுகள்.
டாயோ என்னைவிடக் கறுப்பு.
எங்கள் தோலில் அந்தச் செய்தி இலகுவில் அச்சாகாது.
போர்வையை விலக்கி உள்ளங்காலைப் பார்த்தேன்.
மூன்று.
இல்லை, ஐந்து.
பேனை உதறி மை தெறித்ததுபோல, ஊதாவாக.

மேசையில் பப்பிலிருந்து களவெடுத்த
பைன்ட் கிளாஸ் ஒன்று.
அதைப் பாதத்தில் வைத்து அழுத்தினேன்.
கண்ணாடிக்குக் கீழே தோல் வெளுத்தது.
புள்ளி வெளுக்கவில்லை.

அம்புலன்ஸுக்கு பிரன்வென் ஏற்கெனவே அடித்திருந்தாள்,
என்னிடம் இறங்கி வரமுதலே.
புள்ளி தெரியட்டும் என்று அவள் நிற்கவில்லை.
நானென்றால் விடியட்டும் என்றிருப்பேன்.
இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

மறுநாள் அந்தத் தளத்து ஐவருக்கும்
ஆளுக்கொரு மாத்திரை.
எனக்குத் தேவையில்லையாம், அரைமணி நேரம் போதாதாம்.
பலரின் தொண்டையில் சும்மா குடியிருக்கும் கிருமியாம்,
சுமக்கிறவருக்கே தெரியாதாம்,
ஆரிடமிருந்து வந்தது என்று கேட்கக் கூடாதாம்.
மூளைக்காய்ச்சல் என்று வீட்டில் சொன்னேன்.
மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஃப்ரிட்ஜ் கதவில்
மின்சார பில்லுக்குக் கீழே
மூன்று கிழமையாய் ஒரு படிவம்.
ஒன்பதாம் வகுப்பு மதுவந்திக்குப் பள்ளியில் ஊசி.
ஏ, சி, டபிள்யூ, வை.
நாலு எழுத்துகளுக்கு ஒரு குத்து.
தாள் கிழிய அழுத்திக் கையெழுத்து வைத்தேன்.
டாயோவும் அதைப் போட்டவன்தான்.
அவனுக்கு வந்தது பி.
அவன் கைக்குழந்தையாய் இருந்த நாளில்
பி-க்கு ஊசி கொடுக்கவில்லை.
மதுவுக்கும் இல்லை.
காசு கட்டிப் போடலாமா என்று
மருந்துக்கடைக்கு அடித்துக் கேட்டு வைத்திருக்கிறேன்.
சின்னவனுக்கு மட்டும் உண்டு:
சிவப்புப் புத்தகத்தில் எட்டாம் கிழமை, தாதியின் கிறுக்கல்.
அன்றிரவு அவன் காய்ந்து வீரிட்டு அழ
என்னத்துக்குப் போட்டனீர் என்று
மனைவியோடு சண்டை பிடித்தவன் நான்.

அந்தச் சின்னவன் இப்போது குசினி மேசையில்
தமிழ்ப்பள்ளி வீட்டுவேலை.
க். ங். ச்.
ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் ஒரு குத்து,
தாள் ஓட்டையாகும் அளவுக்கு.
"மெய்யில உயிர் வந்து ஏறினா
புள்ளி போயிடுமாம் அப்பா."
எழும்பிப் போய்க் குழாயைத் திறந்தேன்.
கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

மாசியில் டாயோ வந்தான்.
இடக்காது கேளாது.
வலக்காலில் இரண்டு விரல் இல்லை.
மற்றப் பக்கம் வந்து கதையுங்கோ என்று சைகை காட்டினான்.
பிறகு கேட்டான், அந்தக் கிளாஸ் எங்கே.
மேசைக்குக் கீழே இருந்து எடுத்துக் காட்டினேன்.
திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
இது பிரன்வென் களவெடுத்தது,
பப்பில திருப்பிக் குடுக்கவேணும் என்றான்.

ஓம் என்றேன்.
இன்னும் குடுக்கவில்லை.